விடுவதற்கும் ஒரு சத்து வேண்டும்

எனக்குத் தெரிந்த முதல் மக்னீசியம் ஒரு ரிப்பன். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் டீச்சர் அதை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துவார். குப்பென்று ஒரு வெள்ளை வெளிச்சம் வரும். நேராகப் பார்க்கக் கூடாது என்பார். வகுப்பே நேராகத்தான் பார்க்கும். அத்தோடு மக்னீசியத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது, குறைந்தால் சதை பிடித்துக்கொள்ளும், தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராததைச் சொல்லும் கெட்ட பழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் சத்து என்றால் இரண்டுதான். ரத்தத்துக்கு இரும்புச்சத்து, எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், டானிக் விற்க வந்த ஆள் என்று நினைத்து வாசலோடு அனுப்பியிருப்போம். இத்தனைக்கும் எங்கள் போர்வெல் தண்ணீரில் மக்னீசியம் உட்பட இல்லாத உப்பு இல்லை. குழாய் வாயில் அது வெள்ளை வெள்ளையாகப் படியும். மாதாமாதம் ஆசிட் ஊற்றிச் சுரண்டிவிட்டு, சுத்தம் செய்துவிட்ட பெருமையோடு கையைக் கழுவிக்கொள்வோம்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். அத்தனை நேரமும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் கச்சேரி செய்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "எங்கேடி நேரம்" என்பாள். அப்பாவைக் கேட்டால், "நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே" என்பார். உண்மைதான். வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், லஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன சபாவின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவருடைய பெண் அம்மாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். டிசம்பரில் மத்தியானக் கச்சேரி ஒன்று இருக்கிறது, மாமி பாட முடியுமா என்று கேட்டார். டிக்கெட் கிடையாது. அந்த நேரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீன் திறப்பதற்காகக் காத்திருப்பவர்கள். அம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, பாடுகிறேன் என்றாள். கண் சிவந்திருந்தது. இருபத்தைந்து வருஷம் எங்கேயோ மூட்டைகட்டி வைத்திருந்த ஆசை அது.

சிக்கல் காலில் இருந்தது. ஒரு வருஷமாகவே அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் புரளும்போது வரும். அடுப்படியில் நிற்கும்போது வரும். ரொம்ப நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நிச்சயம் வரும். சதை கல்லாகி, விரல்கள் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். "அம்மாடி, வலிக்கறதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் நட, சரியாயிடும்" என்பார். அவருடைய வைத்திய சாஸ்திரத்தில் எல்லா வியாதிக்கும் மருந்து நடை. அவர் மட்டும் நடக்கமாட்டார், ஏனென்றால் அவருக்கு வியாதி இல்லை.

மாட வீதியில் எங்கள் குடும்ப டாக்டர் இருந்தார். நல்ல ரசிகர், காம்போதி என்றால் உயிரை விடுவார். அம்மாவை நடுவில் உட்காரவைத்துவிட்டு, "என்ன பண்றது இவாளுக்கு?" என்று அப்பாவைக் கேட்பார். அப்பா சொல்வார். டாக்டர் தலையாட்டுவார். இரண்டு பேருமாக அம்மாவின் காலைப் பற்றித் தீர விவாதித்துவிட்டு, டிசம்பரில் யார் யார் எங்கே பாடுகிறார்கள் என்பதற்கு நகர்ந்துவிடுவார்கள். முதல் தடவை போனபோது "வயசு" என்றார். இரண்டாம் தடவை "மனசு" என்றார். இயைபு மட்டும் சரியாக அமைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்காகப் பல வருஷமாக அவர் கொடுத்துவந்த நீர் மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லி அனுப்பினார்.

நான் அப்போது தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். அடையாறில் ஒரு இளம் பெண் டாக்டர் இருக்கிறார், நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொன்னாள். இது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து முடிவு வந்ததும் மறுபடி போனோம். இந்த முறை அப்பாவும் வந்தார், டாக்டருக்கு உதவி செய்ய.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று டாக்டர் கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். "அவங்க சொல்லட்டும் சார்" என்றார் டாக்டர். அப்பா வாயை மூடினார். அந்தக் காட்சிக்காகவே நான் இரண்டு தடவை ஃபீஸ் கொடுத்திருப்பேன்.

அம்மா சொல்லி முடித்ததும் டாக்டர் கேட்டார்: "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து முளைக்கீரை மசியல். வாழைப்பூ பருப்புசிலி. மிளகு ரசம். சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல்."

"சமைச்சதக் கேக்கலம்மா. நீங்க சாப்பிட்டதக் கேட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். "ரசம் சாதம். அப்புறம் மோர் சாதம். ஒரு மாவடு." அதோடு நிறுத்தாமல், யாரையோ காப்பாற்றுவது மாதிரி, "மசியல் நிறையத்தான் பண்ணியிருந்தேன். பிள்ளை ரெண்டாந்தரம் கேட்டான்" என்றாள்.

"முந்தாநாள்?"

"முந்தாநாள் கிருத்திகை. பட்டினி."

"அதுக்கு முதல் நாள்?"

"சனிக்கிழமை. ஒருபொழுது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். சதை இறுகுவதற்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். இறுகினதை விடுவதற்கு மக்னீசியம் வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது ரொம்பக் குறைந்திருக்கிறது. "உங்க காலுக்கு இறுக்கத் தெரியுதும்மா, விடத் தெரியல" என்றார். அந்த நீர் மாத்திரை தண்ணீரோடு சேர்த்து உப்புகளையும் அடித்துக்கொண்டு போகிறது, சாப்பாட்டிலும் வருவதில்லை, பிறகு கால் என்ன செய்யும் என்றார். மக்னீசியம் எதில் இருக்கிறது என்று நான் கேட்டேன். கீரையில், முழுப் பயறில், கடலையில், வேர்க்கடலையில், கேழ்வரகில், வாழைப்பழத்தில்.

எனக்கு அங்கேயே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மக்னீசியம் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மாட வீதியில் பேரம் பேசி வாங்கி, ஆய்ந்து, அலசி, மசித்து, தாளித்து அதைச் சாப்பாட்டு மேஜை வரை கொண்டுவந்து சேர்த்தவள் அம்மாதான். அப்பா சாப்பிட்டார், அண்ணா சாப்பிட்டான், நான் சாப்பிட்டேன். அம்மாவின் தட்டுக்கு ஒரு தட்டு முன்னால் அது தீர்ந்துபோனது. கேழ்வரகு மட்டும் வரவில்லை. அதைக் கைக்குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் உரியது என்று நாங்கள் உயர்ந்த இடத்தில் வைத்திருந்தோம்.

நீர் மாத்திரையை மாற்றி, ஒரு மக்னீசியம் மாத்திரையையும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், உடனே ஆரம்பித்தால் கச்சேரிக்குச் சரியாக இருக்கும் என்றார். அம்மா சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், பிரசாதம் வாங்குவது மாதிரி. மருந்து வாங்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு ஏதாவது பொறுப்பு வேண்டுமே.

இங்கே அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தியே ஓய்வு பெற்றவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத வார்த்தை இல்லை. பொருள் தெரியாதது மட்டும் சில உண்டு. வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் அன்று நடந்ததை அவரே எங்களுக்குப் பெருமையோடு நடித்துக் காட்டினார். கடைக்காரர், "மக்னீசியம் மாத்திரை இல்ல சார். தி.நகர்ல கேட்டுப் பாரு. மக்னீசியா கீது. இன்னா வோணும், பெர்சா, சின்னதா?" என்று கேட்டாராம். தி. நகருக்குப் போகப் பன்னிரண்டு பி பஸ் பிடிக்க வேண்டும், பாண்டி பஜார் கூட்டத்தில் நீந்த வேண்டும். நான் தினமும் வேலைக்குப் போவதே தி. நகருக்குத்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அப்பா ஒரு கணம் மொழியியல் ரீதியாக யோசித்தார்.

"ரெண்டும் ஒரே வேர்தான்" என்று எங்களுக்கு விளக்கினார். "மக்னீசியம், மக்னீசியா. விகுதிதான் வேற. நம்ம ஊர்ல பேர் வைக்கற மாதிரிதான், ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. பொம்மனாட்டிகளுக்கு இதுதான் பொருத்தம்." பெரிய பாட்டிலாகவே வாங்கிவிட்டார், மனைவி விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர் இல்லை. ஆனால் இந்த விளக்கவுரை எல்லாம் எங்களுக்குக் கிடைத்தது பிற்பாடு. அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து, மருந்து வாங்கியாயிற்றா என்று கேட்டதற்கு, "ஆச்சு, ஆச்சு" என்றுதான் சொன்னார்.

மக்னீசியா என்பது வேறொன்றுமில்லை, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அந்த வெள்ளைப் பால் மருந்து. மக்னீசியம் அதிலும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துவிட்டு வயிற்றைக் கழுவுவதுதான் அதன் வேலை. உடம்பில் கொஞ்சநஞ்சம் இருக்கும் சத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வெளியேறிவிடும். அம்மா அதைத் தினமும் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று, பெரிய கரண்டியில் குடித்தாள். டாக்டர் சொன்ன மருந்து, அதிலும் கணவர் கையால் வாங்கிவந்தது.

கொஞ்ச நாளில் அம்மாவின் கன்னம் ஒட்டிப்போனது. வகுப்பு நடுவில் எழுந்து எழுந்து போனாள். என்ன என்று கேட்டால், "சபா டென்ஷன்டி. வயத்தைக் கலக்கறது" என்றாள். அப்பா, "அழுக்கெல்லாம் வெளியேறறது. மருந்து வேலை செய்யறதுன்னு அர்த்தம்" என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னார். கால் பிடிப்பு முன்னைவிட அதிகமாகவே வந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வியாதி போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகுமாம்.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நான் அந்த நீலப் பாட்டிலைப் பார்த்தேன், சாமி அலமாரியில், விபூதி மடலுக்குப் பக்கத்தில். அப்போதுதான் ஆண்பால் பெண்பால் விளக்கம் முழுவதையும் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. கேட்டுவிட்டு, தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். அடையாறு டாக்டர் சிரிக்கவில்லை. உடனே நிறுத்துங்கள், இளநீர் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள், சரியான மாத்திரையை நாளைக்கே ஆரம்பியுங்கள் என்றார். கச்சேரியில் கால் பிடிக்காமல் இருக்குமா என்று கேட்டேன். "அத என்னால சொல்ல முடியாதும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்பா பாட்டிலை எடுத்து லேபிளை முதல்முறையாக வாசித்தார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை போலிருக்கிறது, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு, "பேசாம உடம்பு சரியில்லைன்னு சபாக்காராகிட்ட சொல்லிடலாமே" என்றார்.

"பாடறேன்" என்றாள் அம்மா.

"நடுவுல கால் பிடிச்சுண்டா என்ன பண்ணுவே?"

"பாடறேன்னேனே."

மறுநாள் நான் செயலாளரிடம் போய், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பாடலாமா என்று கேட்டேன். அவர் நான் ஏதோ அசைவம் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "நாற்காலியா? அது உபன்யாசத்துக்குன்னா போடுவோம். பாட்டுக்கு ஒரு சம்பிரதாயம் இருக்கோன்னோ?" என்றார். சம்பிரதாயம் இருந்தது. மேடையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. காலை நீட்டுவது பற்றி விதியே கிடையாது, அப்படி ஒருத்தர் செய்வார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கச்சேரி அன்று அம்மா அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள். பின்னால் தம்புரா, ஒரு பக்கம் வயலின், ஒரு பக்கம் மிருதங்கம். முதல் வரிசையில் அப்பா, அவருக்கு ஒரு பக்கம் செயலாளர், மறுபக்கம் குடும்ப டாக்டர். இலவசக் கச்சேரி எதையும் டாக்டர் விடமாட்டார். பந்தலுக்குப் பின்னாலிருந்து கீரை வடை வாசனை வந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் மூக்கு ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாக இருந்தன.

வர்ணம் நன்றாகவே போனது. அடுத்த இரண்டு உருப்படிகளில் குரல் நன்றாகத் திறந்துகொண்டது. தோடியை எடுத்தபோது கேன்டீன் பக்கம் நகர்ந்தவர்கள் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் எத்தனையோ பெண்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்த தோடியை அம்மா முழுசாகப் பாடி நான் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய பாட்டுக்காரி எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகக் காபி கலந்துகொண்டிருந்தாளா என்று நினைத்தபோது எனக்குப் பெருமையைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது.

கல்பனா ஸ்வரம் பாட ஆரம்பித்ததும் அது வந்தது. முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தாளம் போடுகிற கை தொடையில் படும் இடத்தில் ஒரு தடவை அழுத்திக்கொண்டது. நெற்றியில் வியர்வை. வாய் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது, கண் மட்டும் வேறு எங்கோ போய்விட்டது. அந்த வலியை நான் அறிவேன், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் துடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதோ நிறுத்தப்போகிறாள், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்பாவின் மேல் வந்த கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா நிறுத்தவில்லை. இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வலது காலை மெல்ல எடுத்து, முன்னால் நீட்டினாள். முழுசாக. பட்டுப்புடவைக் கரைக்கு வெளியே பாதமும் மெட்டியும் தெரிய, நேராக முதல் வரிசையைப் பார்த்து. குதிகாலை அழுத்தி விரல்களைத் தன் பக்கம் மடக்கிக்கொண்டாள். தாளம் தவறவில்லை. வயலின்காரர் ஒரு நொடி விழித்தார். மிருதங்கக்காரர் காலைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், "பலே" என்று சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

செயலாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார், கால் அவர் மேல் பட்டுவிடும் போல. குடும்ப டாக்டர் அப்பாவின் பக்கம் குனிந்து, "என்ன ஆச்சு அவாளுக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். அப்பா முதன்முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அம்மா நீட்டின கால் நீட்டினபடியே ஸ்வரத்தை முடித்து, பல்லவியை எடுத்து, தனி ஆவர்த்தனத்துக்கு விட்டாள். கைதட்டல் கேன்டீன் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். லஸ் தாண்டியதும் அப்பா, "அத்தனை பேர் முன்னாடியும் காலை நீட்டிட்டியே" என்றார்.

"வலிச்சுது. நீட்டினேன்" என்றாள் அம்மா, வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தோம். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி உண்டு. நாலாவதன் மேல் எப்போதும் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி குவிந்திருக்கும். அது நாற்காலி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போலத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தோம். அம்மா சமையலறையிலிருந்து எல்லாப் பாத்திரங்களையும் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். பிறகு துணியை அள்ளிச் சோபாவில் போட்டாள். இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா பாத்திரங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "அப்போ யார் பரிமாறுவா?"

"எல்லாம் கை எட்டற தூரத்துலதானே இருக்கு" என்றாள் அம்மா. கீரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் கரண்டியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இரண்டாவதும் போட்டுக்கொண்டாள். அண்ணா கிண்ணம் தன் பக்கம் வரட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.